நாற்பது நொடி முந்தி வந்தது

மழைக்கு ஒதுங்கிய பஸ் நிறுத்தத்தில் அவன் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"நானூறு கிலோமீட்டர் உயரத்துல காத்து எவ்வளவு அடர்த்தின்னு கணக்குக் கொடுத்தாங்களே, தூங்கிட்டே போட்டாங்களா? நாப்பது செகண்ட் முன்னாடியே சாட்டிலைட் கடந்து போயிடுச்சு! சாயங்காலமும் சிக்னலைப் பிடிக்கலைன்னா அதோட பேட்டரி செத்துடும்..."

பக்கத்தில் நனைந்த கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது.

"முழிச்சிட்டுதான் போட்டேன்."

திரும்பினான். கோபத்திலும் சிரிக்கிற கண்கள்... இப்போது பேந்தப் பேந்த விழித்தன.

"அந்தக் காத்துக் கணக்கு... நீங்கதானா?"

"ஆமா. என் கணக்கு சரி. உங்க ஆன்டெனாதான் தூங்கியிருக்கும்!"

பஸ் வந்தது. விருட்டென்று ஏறிவிட்டாள்.

ஆபீஸிலும் அந்தக் கண்கள்தான். எரிச்சலோடு கணக்கைத் திரும்பப் பார்த்தாள். அடர்த்தி சரி. காற்றின் வேகம்? சாட்டிலைட்டில் இருக்கும் அவளுடைய கருவியே முன்பு அளந்து அனுப்பியிருந்தது... நொடிக்கு இருநூறு மீட்டர் எதிர்க்காற்று! 'சின்ன விஷயம்' என்று அவள்தான் விட்டிருந்தாள். அந்தக் காற்று தடுக்கத் தடுக்க சாட்டிலைட் கீழே இறங்கும். இறங்க இறங்க வேகமாகச் சுற்றும். அதுதான் முந்திக்கொண்டது.

சவால் விட்ட வாயாலேயே தப்பென்று சொல்வதா? அரை மணி நேரம் மனசு மல்லுக்கட்டியது. பிறகு, பாவம் அந்த பேட்டரி என்று எழுந்தாள்.

மழையில் நனைந்தபடி ஊர்க்கோடிக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து நின்ற அவளைக் கண்டதும் அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"தப்பு என்னோடதுதான். எதிர்க்காத்தை விட்டுட்டேன். புது நேரம்... அஞ்சு பத்தொன்பது, ஏழு செகண்ட்."

"நம்பலாமா?"

"நம்பாட்டி போங்க!"

நம்பினான். ஆன்டெனா திரும்பியது. அஞ்சு பத்தொன்பது... அஞ்சு செகண்ட்... ஆறு... ஏழு... திரையில் பச்சைக் கோடு துள்ளி எழுந்தது! பேட்டரியைக் காப்பாற்றும் கட்டளை மேலே பறந்தது. அறையே கைதட்டியது.

அவன் மட்டும் அவளையே பார்த்தான்.

"இதைச் சொல்ல ஒரு போன் போதுமே... மழையில இவ்வளவு தூரம் வரணுமா?"

"போன்ல உங்க கண்ணு தெரியாதே..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் குப்பென்று சிவந்தது.

"நான் மட்டும் என்னவாம்!" அவன் குரல் இறங்கியது. "நீங்க போனப்புறம் ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு அங்கேயே நின்னேன், திரும்பி வருவீங்களான்னு. உங்களை... எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் நிமிர்ந்தாள்.

"எனக்கும்தான். ஆனா சண்டை போடுறதை நிறுத்த மாட்டேன்... சம்மதமா?"