ஒரு முழம் தள்ளி

படம் நடுவில் இல்லை.

கணக்குப்படி அது நடுவில்தான் இருந்தது. பின்சுவரின் நீளம் இருபத்துநாலு அடி என்று நோட்டுப் புத்தகத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. இடது மூலையிலிருந்து பன்னிரண்டு அடி அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஆணி அடித்து, பெரிய சட்டத்தை மாட்டி, அதன் தலையில் ரசமட்டத்தை வைத்துக் குமிழி கோடு தாண்டாமல் நிற்கிறதா என்றும் பார்த்துவிட்டாள். இருந்தும் வாசல்வரை பின்னால் நடந்து வந்து, புதுச் சாயத்தின் நெடி மூக்கில் ஏற, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது, படம் வலப்பக்கமாக ஒரு முழம் தள்ளி நின்றது.

கூடத்தில் எல்லோரும் அவளை ஆணிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தச் சின்னக் கலைக்கூடத்தில் மூன்று வருடமாக எந்தக் கண்காட்சி நடந்தாலும் சுவர் அவள் பொறுப்பு. அளப்பது, அடிப்பது, மாட்டுவது, முடிந்ததும் ஓட்டைக்குப் பட்டி பூசி வெள்ளையடிப்பது எல்லாம் அவள்தான். அவள் அடித்த ஆணி கழன்று விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்ளவும் செய்வாள். தற்பெருமை என்றால் தற்பெருமைதான். பீற்றிக்கொள்ள அவளிடம் வேறு என்ன இருந்தது?

தங்கை இருந்தாள். அவளைப் பற்றியும் பீற்றிக்கொள்வாள். வருடத்துக்கு ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுத்து, மாடியறையில் ஒரு மாதம் தங்கவைத்து, அவர் படைத்ததைக் கீழே கண்காட்சியாக வைப்பது இந்தக் கூடத்தின் வழக்கம். இந்த வருடம் அந்த இடம் தங்கைக்குக் கிடைத்தது. விண்ணப்பத்தை வாங்கி வந்ததும், "போடுடி, போடு" என்று நச்சரித்து நிரப்ப வைத்ததும் ஆணிக்காரிதான். ஆனால் அக்காவும் தங்கையும் பேசி எட்டு நாள் ஆகிவிட்டது. கடைசி வாரம் மௌன வாரம். கலைஞர் போனைக் கொடுத்துவிட்டு அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தின நாள் தங்கை, வீட்டிலிருந்த அக்காவைப் போனில் கூப்பிட்டிருந்தாள்.

"அக்கா, இந்தக் கூடம் பழைய போட்டோவுல இருக்கற மாதிரி இல்லக்கா. சின்னதாயிருக்கு. எனக்கு இங்க பிடிக்கல. வந்து கூட்டிட்டுப் போயேன்."

"உனக்கு எங்க போனாலும் ஒரு குறைடி. கொடுத்த இடத்துல இருந்து ஒழுங்கா முடிச்சிட்டு வா." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அது இத்தனை நாளாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஆறு மணிக்குத் திறப்பு. தங்கை மாடியிலிருந்து இறங்கி வந்ததும் முதல் வேலையாகக் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

கூடத்தை நடத்துகிற மேடம் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. ரப்பர் செருப்பு, சத்தமே வராது. எப்போதும் போல அன்பாகத்தான் பேசினார்.

"நடுவுல இல்லையே, கண்ணு."

"அதான் மேடம் பார்க்கிறேன். டேப்போட அந்த முனையைப் பிடிக்க ஆளில்லன்னு பழைய நோட்டுக் கணக்கை வச்சு அடிச்சிட்டேன். எங்கயோ தப்பாயிடுச்சு."

"சரியா அளந்து அடிச்சிடு. நடு தப்பினா எல்லாமே போச்சு. உன் தங்கச்சி கொடுத்த பிளான் நடுவிலிருந்துதான் ஆரம்பிக்குது." ஒரு தாளை நீட்டினார். பெரிய சட்டத்தைச் சுற்றிப் பத்துச் சின்னச் சட்டங்கள். இரண்டு பக்கமும் தோளுயரத்தில், இடுப்புயரத்தில், அதற்கும் கீழே என்று புள்ளிகள் சிதறியிருந்தன.

"இத்துனூண்டு சட்டத்துக்கு அஞ்சு அங்குல ஆணியா மேடம்?"

"அவதான் கேட்டா. கலைஞர்களைப் பத்தி உனக்குத் தெரியாததா?" மேடம் சிரித்துவிட்டு நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார்.

அவள் டேப்பின் முனையைச் சுவரோரம் கல் வைத்து அமுக்கிவிட்டு இழுத்தாள். இருபத்தொரு அடி. நம்பிக்கை வராமல் மறுபடி இழுத்தாள். இருபத்தொன்றேதான். அந்தக் காலத்தில் தானே தப்பாக எழுதியிருக்க வேண்டும் என்று தன்னைத் திட்டிக்கொண்டு, பத்தரை அடியில் புதுப் புள்ளி வைத்தாள். முதலில் அடித்த ஆணியைப் பிடுங்கியபோது அது வெறும் பலகையில்தான் இருந்தது; பின்னால் ஒன்றுமில்லாத பொள்ளல் சத்தம். போன வாரம்தான் மேடம் தச்சர்களை வைத்துப் பழைய பின்சுவருக்கு முன்னால் இந்தப் புதுப் பலகைச் சுவரை எழுப்பியிருந்தார். பலகைச் சுவர் என்றால் தட்டிப் பார்த்து, உள்ளே கட்டை இருக்கும் இடத்தில் அடிப்பதுதான் முறை.

அவள் நடுப்புள்ளியில் விரல் முட்டியால் தட்டினாள். கனமான சத்தம். உள்ளே ஏதோ நிறைவாக இருந்தது.

நல்ல கட்டை என்று நினைத்தாள்.

ஆணி பலகையைத் துளைக்கும்வரை முரண்டு பிடித்தது. அதற்கப்புறம் ஒரு நொடி வழுக்கிக்கொண்டு போனது. பிறகு எதிலோ முட்டி நின்றது. ஓங்கி ஒரு அடி. இறங்கியது. சுத்தியலின் பிடி வழியே ஒரு நடுக்கம் முழங்கைவரை ஏறியது. கட்டை இப்படி நடுங்காதே என்று தோன்றியது, தோன்றியதோடு சரி. சட்டத்தை மாட்டி வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நடுவில் இருந்தது. அந்த ஒரு முழத் தப்பை அப்படியே விட்டுத் தொலைத்திருக்கலாம். அவளால் முடியாது. அவள் கை அப்படி.

சுவருக்குப் பின்னாலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது.

பின்பக்கம் ஒரு தகரப் பட்டறை. நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அவள் ஏணியை நகர்த்தி இரண்டாவது ஆணியை எடுத்தாள். தோளுயரம், இடப்பக்கம். அடி. டொக். வலப்பக்கம். அடி. டொக், டொக். பட்டறைக்காரன் தன்னோடு போட்டி போடுகிறான் என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. இடுப்புயரத்தில் ஒரு ஆணி சின்னதாக எதையோ நொறுக்கிக்கொண்டு இறங்கியது, கடினமான கொட்டையை உடைத்த மாதிரி. காய்ந்த முடிச்சு இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இரண்டு போடு போட்டாள். ஏழாவது ஆணிக்குச் சுவரில் இடக்கையை ஊன்றியபோதுதான் கை தயங்கியது. புதுப் பட்டி பூசிய சுவர் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று வாசலைப் பார்த்தாள். வாசலில் வெயில் இல்லை.

பதினொன்றையும் அடித்து முடித்தபோது மணி ஐந்தரை. டொக் சத்தம் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

கணக்கு மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்து நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினாள். முதல் வருடக் கண்காட்சிக்கு முன்: இருபத்துநாலு. அது முடிந்த பிறகு: இருபத்திரண்டரை. இரண்டாவது வருடத்துக்குப் பிறகு: இருபத்தொன்று. எல்லாம் அவள் கையெழுத்து. ஒவ்வொரு கண்காட்சிக்கும் புதுப் பக்கம் என்பதால் ஒன்றோடொன்றை அவள் ஒப்பிட்டதே இல்லை. முதல் வருடம் இடது சுவருக்குப் புதுப் பலகை. இரண்டாம் வருடம் வலது சுவருக்கு. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி உள்ளே வந்திருந்தது. ஒரு ஆள் நிற்கிற அகலம்.

முதல் வருடம் களிமண் வேலை செய்த ஒருவர் தங்கினார். திறப்புக்கு முன்பே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்றார்கள். இரண்டாம் வருடம் துணியில் தைக்கிற பெண், அவளும் போய்விட்டாள். கலைஞர்கள் அப்படித்தான் என்று மேடம் சொன்னார். அந்த வருடம் எலி செத்த நாற்றம் ஒரு மாதம் அடித்தது. ஆணியைப் பிடுங்கிச் சுவரைக் கிளறாதே, உள்ளேயே அடித்து இறக்கி மேலே பட்டி பூசிவிடு என்று மேடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமும் அப்படித்தான் செய்திருந்தாள். அப்போது அது விசித்திரமாக மட்டும் பட்டது.

நோட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

மாடிப்படி ஏறியபோது சுத்தியல் கையிலேயே இருந்தது. அறைக்கு வெளியே பூட்டு. மௌன வாரத்துக்கு வெளிப்பூட்டு எதற்கு? கொண்டிக்குள் சுத்தியலின் பிளந்த வாலை விட்டு நெம்பினாள். கொண்டி பெயர்ந்தது. கட்டில் கலையாமல் கிடந்தது. சுவரோரம் தங்கையின் படங்கள், எல்லாம், ஒன்று பாக்கியில்லாமல், முகத்தைத் திருப்பி அடுக்கியிருந்தன. அப்படியானால் கீழே தான் மாட்டியவை? அவை வெறும் வெள்ளைப் பலகைகள்; தங்கையின் புதுப் பாணி என்று தான் நினைத்துக்கொண்டது தப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. மேஜைமேல் தங்கையின் மூக்குக்கண்ணாடி. அது இல்லாமல் அவளுக்கு வாசற்படி தெரியாது. கட்டிலடியில் அவள் செருப்பு.

ஜன்னல் வழியே தகரப் பட்டறை தெரிந்தது. ஷட்டர் இறக்கியிருந்தது. முன்னால் நாய் ஒன்று படுத்துக் கிடந்தது. இன்றைக்கு அவர்களுக்கு வார விடுமுறை. காலையிலிருந்தே விடுமுறை.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று தெரியாது. அதற்குள் திறப்புக்கு வந்தவர்களால் கூடம் நிறைந்திருந்தது. வாசனைத் தைலம், புதுத் துணி, சிரிப்புச் சத்தம். ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்சுவரில் நெற்றியை வைத்தாள்.

வீட்டில் தங்கை கதவைச் சாத்திக்கொண்டு படம் போடும்போது அவள் போய் இரண்டு தட்டு தட்டுவாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, இன்னொரு தட்டு வரும். உயிரோடதான் இருக்கேன், போ என்று அர்த்தம்.

தட்டினாள். இரண்டு.

ஒன்றுமில்லை.

மறுபடி இரண்டு.

கீழே, கணுக்கால் உயரத்திலிருந்து. டொக். டொக்.

இடைவெளி.

டொக்.

அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. சுத்தியலை ஓங்கிப் பலகையில் போட்டாள். பட்டி தெறித்தது. மறுபடி. மறுபடி. ஓட்டையில் வாலை விட்டு நெம்பினாள், கையை விட்டுப் பிய்த்தாள், நகம் பெயர்ந்தது. பின்னால் கூட்டம் விலகி அரைவட்டமாக நின்றது. போன்கள் உயர்ந்தன. யாரோ "அடேயப்பா" என்றார்கள். பலகை நீளவாக்கில் கிழிந்து சாய்ந்தது.

தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

கட்டைகளோடு கட்டையாகக் கயிற்றால் கட்டி. வாய் நிறையப் பட்டி, காய்ந்து கல்லாகி, உதட்டோரம் வெடித்து. இரண்டு தோளிலும் ஆணி. இரண்டு உள்ளங்கையிலும். இடதுகைச் சுண்டுவிரல் நொறுங்கித் தொங்கியது. நெஞ்சுக்கு நேர் நடுவில் ஒன்று. நூல் பிடித்த மாதிரி நடுவில். அவளைச் சுற்றி வெள்ளைச் சாயமெல்லாம் சிவப்பாக வழிந்து கட்டியிருந்தது. வலது குதிகால் மட்டும் கயிற்றிலிருந்து விடுபட்டிருந்தது. தட்டித் தட்டித் தோலுரிந்து எலும்பு தெரிந்தது.

கண் திறந்திருந்தது. கண்ணாடியில்லாத கண். யாரென்று தேடியது.

"நான்தான்டி. அக்காடி. நான்தான்."

கண் அவளைக் கண்டுபிடித்தது. அதில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

அவள் நெஞ்சின் ஆணியை விரலால் பற்றி இழுத்தாள். வரவில்லை. வாலை மாட்டி நெம்பினாள். தங்கையின் உடம்பு முழுதும் அதோடு சேர்ந்து முன்னால் வந்தது, திரும்பப் போனது. ஆணி அசையவில்லை. அவள் அடித்தது. கழன்றதே கிடையாது. இழுத்தாள். அழுதாள். இழுத்தாள். அந்தக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு பார்ப்பதை நிறுத்தியது.

பின்னால் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"என்ன தத்ரூபம்!" என்றது ஒரு குரல். மேடம் ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் வந்து, உடைந்த பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டையை ஒட்டினார். பலகை, பட்டி, ஆணி என்றிருந்தது. அதற்குக் கீழே, 'படைப்பு: அக்கா, தங்கை'. அச்சு உலர்ந்து பல நாள் ஆன எழுத்து.

கைதட்டல் ஓய்ந்தது.

டொக்.

தங்கையின் குதிகாலைப் பார்த்தாள். அது அசையவில்லை.

டொக். டொக். இடது சுவரிலிருந்து. பிறகு வலது சுவரிலிருந்தும். கூட்டம் ஆர்வமாகத் திரும்பியது. சிலர் கிட்டே போய்க் காதை வைத்தார்கள். தூய வெள்ளைச் சுவர்கள். அவள் வெள்ளையடித்தவை. பழைய ஆணிகளின்மேல் அவள் பட்டி பூசி மறைத்த இடங்கள் ஒவ்வொன்றாக ஈரமாகத் தொடங்கின. இடது சுவரில் பத்தொன்பது. வலது சுவரில் இருபத்திரண்டு. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. ஒவ்வொரு ஆணியும் அவள் அளந்து, நடு தப்பாமல் அடித்தது.