ஆறாவது டேக்கில் ஒரு பிணம்

"கட்!"

டைரக்டர் லிசாந்த்ரோ கத்தினான்.

சவப்பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த துணை நடிகைகள் சட்டென்று அழுகையை நிறுத்தினார்கள். ஒருத்தி சிகரெட் பற்ற வைத்தாள்.

பிணம் மட்டும் எழுந்திருக்கவில்லை!

"டிபுர்சியோ! கட் சொல்லியாச்சு, எழுந்திருய்யா! அஞ்சு டேக்கை மூச்சு விட்டே கெடுத்தே... இப்ப தூக்கமா?"

அசைவில்லை.

மேக்கப்மேன் பெபோட் குனிந்து, டிபுர்சியோவின் நெஞ்சில் காது வைத்தான். நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினான்.

"போயிட்டான் சார்!"

லிசாந்த்ரோ பிணத்தின் கையைத் தொட்டான்.

ஜில்லென்றிருந்தது!

அதே நேரம் ஸ்டுடியோ டெலிபோன் அலறியது.

"சாந்தோய்!" வீட்டில் கூப்பிடும் பெயர்.

அம்மா. தீவையே தன் பூட்ஸுக்கு அடியில் வைத்திருந்த ஜெனரலின் மனைவி... விசும்பிக்கொண்டிருந்தாள்.

"பட்டாளம் அப்பாவைக் கைவிட்டுடுச்சுடா. தோட்டத்துல ஹெலிகாப்டர் நிக்குது. இருட்டறதுக்குள்ள கிளம்பியாகணும். ஓடி வா!"

"இதோ வரேம்மா... இங்க ஒருத்தன் திடீர்னு செத்துட்டான், அதான்..."

விசும்பல் நின்றது.

"பொணம் கிடக்கற இடத்துலேர்ந்தா வரே? நேரா வராதே! செத்தவன் உன் பின்னாலயே வந்து ஹெலிகாப்டர்ல ஏறிடுவான். வழியில எங்கயாவது நுழைஞ்சு ஒரு வாய் சாப்பிட்டு, அவனை அங்கயே உதறிட்டு வா!"

"நேரமில்லம்மா!"

"உதறாம வந்தா ஏத்த மாட்டேன்!"

டொக்.

கார் பறந்தது. தெருவெல்லாம் அப்பாவின் படங்கள் எரிந்துகொண்டிருந்தன. லிசாந்த்ரோ சீட்டுக்கடியில் சுருண்டான்.

"கார்டிங்! எங்கயாவது நிறுத்து. ஒரே நிமிஷம்!"

"நேனா அக்கா கஞ்சிக்கடை இருக்கு சார்," என்றான் டிரைவர். "யூனிட்ல எல்லாரும் சாவுக்குப் போனா அங்கதான் உதறுவோம்."

கடையில் நேனா அக்கா கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"உக்காருங்க டைரக்டரே. கஞ்சி கொதிக்கட்டும்."

"கொதிக்க வேணாம்! ஒரு வாய் குடு!"

"அரைவேக்காட்டைக் குடுத்தா என் கடை பேரு என்ன ஆவுறது? இஞ்சி தூக்கலா போடட்டா?"

"எதையாவது போட்டுத் தொலை!"

வாய் வெந்தது. விழுங்கினான். வாசலுக்கு ஓடினான்.

கார் இல்லை!

கார்டிங் மட்டும் சுவரில் சாய்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தான்.

"கார் எங்கேடா?"

"பொணத்தைக் கூட்டிட்டு வர அனுப்பியிருக்கேன் சார்."

"என்ன...?"

தடதடதட...

தலைக்கு மேலே ஹெலிகாப்டர்!

"அம்மா! நான் இங்க இருக்கேன்! உதறிட்டேம்மா!"

சட்டையைக் கழற்றி வீசி ஆட்டினான். குதித்தான். கடல் பக்கம் திரும்பிய அது ஒரு புள்ளியாகி... இல்லாமலே போனது.

வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறந்தது.

இறங்கியவன்... டிபுர்சியோ! முகத்தில் பிணப் பவுடர் அப்படியே!

"நீ... கை ஜில்லுன்னு..."

"ஐஸ் சார். உள்ளங்கையில வச்சிருந்தேன். பெபோட் ஏற்பாடு. சாவை உதறாம வந்தா உங்கம்மா ஹெலிகாப்டர்ல ஏத்த மாட்டாங்கன்னு யூனிட்டுக்கே தெரியும்."

"ஏன்யா?"

"என் தம்பி. உங்க படத்துக்குத்தானே சவுண்ட் பண்ணான்? மழைக்காலத்துல பட்டாள முகாம் ஜீப்பு வந்து ஏத்திட்டுப் போச்சு. அப்பாகிட்ட கேக்கறேன்னீங்க."

"கேட்டேன்யா! அவர் சாப்பாட்டுத் தட்டுலேர்ந்து தலையே நிமிரல... நான் என்ன பண்ண முடியும்?"

லிசாந்த்ரோ உடைந்து அழுதான். இந்த முறை யாரும் கட் சொல்லவில்லை.

"தெரியும் சார். உங்க கையில எப்பவும் ஒண்ணுமே இருந்ததில்ல," என்றான் டிபுர்சியோ மெதுவாக. "ஆனா நாளைக்கு முகாம் கதவைத் திறப்பாங்க. உள்ள தம்பி இருந்தாலும், இல்லாட்டியும்... பக்கத்துல நின்னு பதில் சொல்ல அந்த வீட்டு ஆளு ஒருத்தராவது வேணாமா?"

டிபுர்சியோ கடைக்குள் போய் பெஞ்சில் அமர்ந்து, லிசாந்த்ரோ மிச்சம் வைத்த கஞ்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அது கிடக்கட்டும் டைரக்டரே... ஆறாவது டேக் ஓகேவா?"