ஒலிவிழுங்கித் தெரு

மணல்நரி ஒன்று மூன்றாம் தெருவைக் குறுக்கே கடந்து ஓடியது. குடியிருப்பு நாய்களைப் பழக்கி உலாவ அழைத்துப்போவது புஷ்பத்தின் வேலை. அவள் பிடித்திருந்த நான்கு நாய்களில் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வீரா மட்டும் வாயைத் திறந்தது, பிறகு எதற்கு வம்பு என்று மூடிக்கொண்டது. இத்தனைக்கும் அது ராஜபாளையத்து நாய்.

குரைத்தாலும் கேட்காது. தெருவுக்குப் பத்துக் கம்பம், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் ஒலிவிழுங்கி. பக்கத்தில் நிற்பவரோடு மெதுவாகப் பேசலாம். அதற்கு மேல் எந்தச் சத்தம் எழுந்தாலும் எதிரலை அனுப்பி அங்கேயே அமுக்கிவிடும். பாலைவனத்தில் ஏற்கெனவே ஈ காக்கை கிடையாது. அந்த அமைதியும் போதவில்லையாம் இந்த மகராசன்களுக்கு! சூரியமின் பண்ணையில் வேலை பார்க்கும் முப்பது தமிழ்க் குடும்பங்களும் கூட்டம் போட்டுக் கைதட்டி நிறைவேற்றிய தீர்மானம் இது.

கைக்கடிகாரத்தில் செய்தி வந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் பரிதி, வீராவை வளர்ப்பவர், அனுப்பியிருந்தார். 'வீராவை நாளை காலை வண்டி வந்து எடுத்துப்போகும். உலாவல் இன்றோடு போதும்.'

அந்த வண்டியில் ஏறிய எந்த நாயும் திரும்பியதில்லை. மற்ற மூன்றையும் அவரவர் வீட்டில் விட்டுவிட்டு, வீராவோடு நேராகப் பரிதியின் வீட்டுக்குள் நுழைந்தாள் புஷ்பம்.

"வண்டி எதுக்கு சார்?"

"குரைக்காத நாயை வச்சுக்கிட்டு என்ன பண்றது? போன வாரம் திருடன் வந்து மின்கலத்தைக் கழட்டிட்டுப் போறான். இது உட்கார்ந்து வேடிக்கை பாக்குது. ஊசிதான், வலிக்காது."

புஷ்பத்துக்கு உச்சந்தலை வரை கொதித்தது. தூத்துக்குடிக்காரி, அடக்கிப் பேசிப் பழக்கமில்லாதவள். வீட்டுக்குள் கம்பத்தின் அதிகாரம் செல்லாது என்பதால் அவள் குரல் சுவரில் மோதியது.

"வலிக்காதுன்னு யாரு சொன்னா? போட்டுப் பாத்தியளா? குட்டியா கொண்டாந்திய. தெருவுல நின்னு தொண்டை கிழியக் குலைச்சிச்சு. அது போட்ட சத்தம் அதுக்கே கேக்கல. குலைச்சு ஒரு பிரயோசனமும் இல்லைன்னு அதுக்குப் புரிஞ்சு போச்சு. இப்ப வீட்டுக்குள்ளயும் சும்மா வாயைத் தொறந்து மூடுது. நீங்களே ஊமையாக்கிட்டு, ஊமைன்னு சொல்லிக் கொல்லுவியளோ?"

"நீ ஒழுங்கா பழக்கலைன்னு சொல்லு. சங்கத்துல பேசி உன்னையும் மாத்திடுறேன்."

"மாத்துங்க! ஆனா இந்தச் சீவனை வண்டியில ஏத்த விடமாட்டேன்."

சத்தம் கேட்டுப் பரிதியின் மனைவி மிருணாளினி உள்ளறையிலிருந்து வந்தாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை யாழி. "ஏன் இப்படிக் கத்துறீங்க? வேற குழந்தையா இருந்தா வீறிட்டிருக்கும். எங்க யாழி சமத்து, அழவே மாட்டா," என்று அதைக் கம்பளத்தில் இறக்கிவிட்டாள். "பிறந்ததுலேருந்து ராத்திரி தானோடிக் குழந்தைவண்டியில போட்டுத் தெருவுலதான் தூங்க வைக்கிறோம். நாங்க பேசிக்கிட்டே முன்னாடி நடப்போம், வண்டி தானா பின்னாடி வரும். ஒரு நாள் கூடத் தொந்தரவு பண்ணினதில்ல."

புஷ்பம் ஜன்னல் வழியே தெருக்கம்பத்தைப் பார்த்தாள். அந்த வண்டிக்குள் அது எத்தனை இரவு அழுததோ, யாருக்குத் தெரியும்?

வீரா கயிற்றை இழுத்துக்கொண்டு குழந்தையிடம் போய் அதன் காலை முகர்ந்தது. புஷ்பம் குனிந்தாள். பெரிய செவ்வெறும்பு ஒன்று கட்டைவிரலைக் கவ்விக்கொண்டிருந்தது. விரல் வீங்கிப் போயிருந்தது. குழந்தையின் முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது, கண்ணீர் கன்னத்தில் ஓடியது, வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

எறும்பைப் பிய்த்து எறிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாருங்க சார், நல்லா பாருங்க! குலைக்காத நாய்க்கு வண்டி கூப்பிட்டியளே, இதுக்கு யாரைக் கூப்பிடப் போறிய?"

பரிதி குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மிருணாளினி பாய்ந்து வந்து அதை அள்ளினாள். முதுகைத் தட்டினாள், தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழுடா கண்ணு. ஒரே ஒரு தடவை சத்தமா அழுடா," என்று அவள்தான் வாய்விட்டு அழுதாள்.