மாதாவின் காலடியில் வைத்த பாஸ்போர்ட்

வியாழக்கிழமை, காலை எட்டேகால்.

பூட்டிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா இருந்தாள். அவள் காலடியில் இருக்க வேண்டிய பாஸ்போர்ட் இல்லை.

திண்டிவனம் சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணவேணி கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மரச்சட்டம், முன்பக்கம் கண்ணாடிக் கதவு, சின்னப் பித்தளைப் பூட்டு. கீறல் இல்லை, நெம்பிய தடம் இல்லை. உள்ளே ஒரு முழ உயரத்தில் மாதா சுரூபம், கழுத்தில் வாடிப்போன மல்லிகை மாலை, காலடியில் கருநீல அட்டை போட்ட சின்ன செபப் புத்தகம். கூட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு சிவப்புத் துணிப்பை தொங்கியது. பூட்டுக்கு ஒரே சாவிதான். அது வீட்டுக்கார அம்மாள் இருதயமேரியின் கழுத்துச் செபமாலையில் கோத்திருந்தது. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாராம்.

கிருஷ்ணவேணிக்குத் திருட்டுக் கேஸ் என்றால் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம். நாலு வீட்டுக்குள் போகலாம், நாலு பேரோடு பேசலாம். போலீஸ் குவார்ட்டர்ஸில் அவர் சமைப்பது ஒரு ஆளுக்குத்தான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கோகுலகிருஷ்ணன் போலந்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "நல்லா இருக்கேம்மா" என்பான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை ஓட்டிவிடுவார்.

பாஸ்போர்ட்டுக்குச் சொந்தக்காரன் டாக்டர் ஆஸ்வின், இருதயமேரியின் மூத்த மகன். அமெரிக்காவில் பயிற்சி முடித்துவிட்டு வந்திருந்தான். புகார் எழுதிக் கொடுத்தது அவனல்ல, தங்கை பவுலின். அண்ணனைக் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்து வந்ததும் அவள்தான். எழுதிக் கொடுத்த கையோடு விழுப்புரத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

கிருஷ்ணவேணி ஆஸ்வினிடம் ஆரம்பித்தார்.

"உள்ள வச்சது யாரு?"

"நான்தான் மேடம். திங்கக்கிழமை சாயங்காலம். சென்னைக்குப் போயி விசா குத்தின பாஸ்போர்ட்டை வாங்கிக்கினு வந்தேன். ஊருக்குப் போற வரைக்கும் மாதா கால்ல வைக்கிறது எங்க வீட்டு வழக்கம்."

"அம்மா எங்க இருந்தாங்க?"

"பக்கத்துல. மெழுகுவர்த்தி ஏத்தி வேண்டிக்கினு இருந்தாங்க. நான் வச்சதும் பூட்டினாங்க."

"இன்னிக்கு ஏன் தொறந்தீங்க?"

"பவுலின்தான் ஜெராக்ஸ் எடுக்கணும்னா."

"கிடைக்கலன்னா என்ன ஆவும்?"

ஆஸ்வின் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். "பயிற்சிக்குப் போற டாக்டருங்களுக்கு ஒரு விசா குடுப்பாங்க மேடம். என்னை மாதிரி ஆளுங்க பயிற்சி முடிஞ்சா சொந்த நாட்டுல வந்து ரெண்டு வருஷம் இருக்கணும். அப்புறம்தான் வேலை விசா, கிரீன் கார்டெல்லாம். அதுக்கு விலக்கு வேணும்னா, டாக்டரே கிடைக்காத ஊர்ல மூணு வருஷம் வேலை செய்யணும். எனக்கு அப்படி ஒரு ஊரு கிடைச்சுது. ஞாயித்துக்கிழமை ஃபிளைட். போவலன்னா வேலையும் போயிடும், விலக்கும் போயிடும்."

"அப்புறம்?"

"ரெண்டு வருஷம் இங்கதான்."

"அந்த ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல. அங்க இப்ப ராத்திரி."

"ஒரு மெயில் போடலாமே."

"போடணும்," என்றான். போன் மேசைமேல்தான் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை.

இருதயமேரி சமையலறையில் வெறும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம்.

"நான்தான் எடுத்து ஒளிச்சேன்னு எம்பொண்ணு நெனைக்கிறா. வாய் விட்டுச் சொல்லல. ஆனா காலையில நான் போட்ட காபியைத் தொடாமப் போயிட்டா."

"சாவி ஒங்ககிட்டதானே இருக்குது."

"இருக்குது. புள்ள போறது எந்தத் தாய்க்கு இஷ்டம்? பவுலின் வேலைக்குப் போயிட்டா, சாயங்காலம் வரைக்கும் இந்தச் செவுத்தோடதான் பேசிக்கினு இருக்கேன். ஆனா கோயில்ல பங்குச் சாமியாரு எம்புள்ள பேரைச் சொல்லி ஆசீர்வாதம் பண்ணாரு. ஊரே கேட்டுச்சு. நான் தடுப்பேனா?"

"டாக்டர் தம்பி எப்படி இருக்காரு?"

"வந்ததுலேர்ந்து ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடந்தான். விசா கைக்கு வந்தப்புறம்தான் நிம்மதி. திங்கக்கிழமைலேர்ந்து அடிச்சிப் போட்ட மாதிரி தூங்குறான்."

கிருஷ்ணவேணி கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். "அந்த செபப் புஸ்தகம் எப்பவும் உள்ளதான் இருக்குமா?"

"இல்லம்மா. சனிக்கிழமை நான் தொறந்து வுடுவேன், பவுலின் மாலை மாத்துவா. அப்ப வச்சிருப்பா."

"நீங்க பார்த்துப் படிக்க வேணாமா?"

"எனக்கு எல்லாம் மனப்பாடம். ஆணியில தொங்குற புஸ்தகப் பையைத் தொட்டே பல வருஷம் ஆச்சு."

பகல் ஒன்றரை, விழுப்புரம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து கிருஷ்ணவேணி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். கேன்டீனில் பவுலின் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அம்மாவைச் சந்தேகப்படுறியாம்மா?"

"சாவி வேற யாருகிட்ட மேடம் இருக்குது?"

"அண்ணன் தங்கிட்டா ஒனக்கும் லாபம்தானே?"

பவுலின் நிமிர்ந்தாள். "லாபம்தான். எனக்கு அயர்லாந்துல வேலை வந்திச்சு. அம்மாவைத் தனியா வுட்டுட்டு எப்படிப் போறதுன்னு வேணாம்னுட்டேன். அண்ணனுக்கு ரெண்டு வருஷ ரூல் இருக்குது, வந்துடுவான்னு காத்துக்கினு இருந்தேன். அவன் விலக்கு வாங்கிட்டான்னு தெரிஞ்ச அன்னிக்கு பாத்ரூம்ல போயி அழுதேன். அதுக்காகத் திருடுவேனா?"

சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். கிருஷ்ணவேணி கேட்டார்.

"செபப் புஸ்தகத்தை உள்ள வச்சது நீதானா?"

"நானா? அம்மா வச்சிருப்பாங்க."

"சனிக்கிழமை மாலை மாத்தனப்ப உள்ள இருந்திச்சா?"

"இல்லியே. பீடத்தைத் துடைச்சேன். மாதாவைத் தவிர ஒண்ணும் கெடையாது."

"அதுக்கப்புறம் கூட்டை எப்பத் தொறந்தீங்க?"

"திங்கக்கிழமை. அப்புறம் இன்னிக்குக் காலையில."

"நடுவுல பாஸ்போர்ட்டைப் பார்த்தியா?"

"தெனமும் செபத்துக்கு முட்டி போடுவோமே. கால்கிட்ட நீலமா இருந்திச்சு."

"கிட்ட போய்ப் பார்த்தியா?"

"செபம் பண்றப்ப கண்ணை மூடிக்குவோம் மேடம்."

கிருஷ்ணவேணி எழுந்தார். "லீவு சொல்லிட்டு வா. வீட்டுக்குப் போவலாம்."

மாலை ஐந்து மணி, திண்டிவனம்.

மூன்று பேரும் கூட்டின் முன்னால் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் மூன்று பேரும் தனித்தனியாகத்தான் இருந்தார்கள்.

"எடுத்தது யாருன்னு எல்லாருமா மண்டையை உடைச்சிக்கினு இருந்தோம்," என்றார் கிருஷ்ணவேணி. "யாரும் எடுக்கல. பாஸ்போர்ட்டு உள்ள போவவே இல்ல."

இருதயமேரி சிலுவை போட்டுக்கொண்டார்.

"இந்தப் புஸ்தகத்தைப் பாருங்க. பவுலின் வச்சான்னு அம்மா நெனைச்சாங்க. அம்மா வச்சாங்கன்னு பவுலின் நெனைச்சா. மாதா கால்ல செபப் புஸ்தகம் இருந்தா இந்த வீட்டுல யாருக்கு வித்தியாசமா தெரியும்? எனக்கு இதெல்லாம் புதுசு, அதனால கேட்டேன். சனிக்கிழமை இது உள்ள இல்ல. இன்னிக்கு இருக்குது. நடுவுல கூட்டைத் தொறந்தது ஒரே ஒரு தடவை. திங்கக்கிழமை அம்மா கண்ணை மூடி வேண்டிக்கினு இருந்தப்ப, உள்ள போன கை ஒண்ணுதான்."

பவுலின் அண்ணனைப் பார்த்தாள்.

"தூக்கம் வராத ஆளு திங்கக்கிழமைலேர்ந்து நல்லா தூங்குறாரு. பாஸ்போர்ட்டு காணாமப் போயும் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெயில் போடல. டாக்டர் தம்பி, புஸ்தகம் இங்க வந்துட்டா, புஸ்தகம் இருந்த எடத்துல என்ன இருக்கும்?"

கிருஷ்ணவேணி சிவப்புத் துணிப்பையை ஆணியிலிருந்து எடுத்து இருதயமேரியின் கையில் கொடுத்தார். அம்மாள் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பாஸ்போர்ட் இருந்தது.

"ஏண்டா?" என்றாள் பவுலின். "அம்மாவைத் திருடின்னு நெனைக்க வச்சிட்டியேடா."

ஆஸ்வின் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"போன மாசம் அந்த ஊரைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஒரே ஒரு தெரு. ஆறு மாசம் பனி. பயிற்சி பண்ண ஊர்லயே நோயாளிங்களைத் தவிர என்கிட்டப் பேச ஆளில்ல. வீட்டுக்கு வந்து டி.வி.யைப் போட்டுட்டு அதுக்கு பதில் சொல்லுவேன். இன்னும் மூணு வருஷம் என்னால முடியாதும்மா. கிரீன் கார்டுன்னு போனா, நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்த வரிசை எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமேடா," என்றார் இருதயமேரி.

"எப்படிச் சொல்றது? கோயில்ல எல்லாரும் கை குடுத்தாங்க. நீ புதுப்பொடவை கட்டிக்கினு நின்ன." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கிழிச்சிப் போட மனசு வரல. நீ என்னிக்காவது பையைத் தொறப்ப, இன்னாடா இதுன்னு கேப்ப, அப்ப சொல்லிடலாம்னு இருந்தேன். நீ தொறக்கவே இல்ல."

இருதயமேரி கூட்டைத் திரும்பிப் பார்த்தார். பாஸ்போர்ட்டை அங்கே வைக்கவில்லை. மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதை அவன் கையில் திணித்தார்.

"இத்த நீயே வச்சிக்க. போறதும் இருக்கறதும் ஒன் இஷ்டம். யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

"இருக்கேம்மா," என்றான். பிறகு தங்கையிடம், "அயர்லாந்துக்கு எழுதிப் போடு. நான் அம்மாவைப் பார்த்துக்கறேன்," என்றான். அவள் உள்ளே போய், காலையில் தொடாமல் வைத்த காபியைச் சூடு பண்ணி, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள்.

பவுலின் புகாரை வாபஸ் வாங்கியதும் கிருஷ்ணவேணி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினார். கதவைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் டி.வி.யைப் போட்டார். அது பேச ஆரம்பித்தது. உடனே அணைத்தார். ஞாயிறு வர இன்னும் நாள் இருந்தது. போனை எடுத்தார்.

"என்னம்மா, இந்நேரத்துல? நான் நல்லா இருக்கேம்மா," என்றான் கோகுலகிருஷ்ணன்.

"அது கெடக்கட்டும்டா. அங்க நீ யாருகூடப் பேசுவ?"

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று கிருஷ்ணவேணி திரையைப் பார்த்தார். கட்டாகவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் பேசும் வரை காத்திருந்தார்.