இரண்டு கன்னத்திலும் மச்சம்

போன் அலறியது.

அக்கா!

"டேய்... உங்க அத்தானைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. நீ வரைஞ்ச படத்தை வெச்சுத்தான்."

கையிலிருந்த டீ என் சட்டைக்குக் குடிபெயர்ந்தது.

நான் போலீசுக்குக் குற்றவாளி முகம் வரைகிறவன். கம்ப்யூட்டரில்தான். புது மென்பொருள்... தூரிகையால் தாடியைத் தீட்டலாம்; கோட்டை இழுத்து மூக்கை வளைக்கலாம். அந்தக் கோடு சுவரளவு பெரிதாக்கினாலும் மங்காது.

நேற்று கடிகாரக் கடைக்காரர் மண்டையை உடைத்துக் கொள்ளையடித்தவனை, பக்கத்துக் கடைத் தையல்காரம்மா பார்த்திருந்தார். வலது கன்னத்தில் மச்சம் என்றார். வைத்தேன். ஒரு பக்கம் போட்டால் மறுபக்கமும் விழும் 'கண்ணாடி' வசதியை அணைக்க மறந்தேன். அந்தம்மா போன பிறகுதான் மச்சம் இரண்டு என்று பார்த்தேன். படமோ ஊர்ச் சுவரெல்லாம் ஏறியிருந்தது.

இரு கன்னத்திலும் மச்சமுள்ள ஒரே ஜீவன், அத்தான்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். அக்கா எனக்கு முன்பே வந்து அழுதுகொண்டிருந்தாள். அத்தான் கம்பிக்குப் பின்னால். சாப்பிட்டீர்களா என்றாலே ஊரைச் சுற்றிப் பதில் சொல்கிறவர், இன்று வாயே திறக்கவில்லை.

"சார், ஒரு மச்சம் என் தப்பு. அவரை விட்டுடுங்க," என்றேன்.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். "வேலை போயிடும்யா."

"போகட்டும் சார். அக்கா மூஞ்சியைப் பாக்க முடியல."

"இவரா திருடுவாரு?" அக்கா மூக்கைச் சிந்தினாள். "நேத்துகூட எனக்கு ஆசையா வாட்ச் வாங்கிட்டு வந்தாரு சார்."

இன்ஸ்பெக்டரின் பார்வை அவள் மணிக்கட்டில் இறங்கியது. பெஞ்சில் இருந்த தையல்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மச்சம் ஒண்ணா ரெண்டா?"

"யாருக்குத் தெரியும்? கதவிடுக்குல பாதி மூஞ்சிதான் தெரிஞ்சுது. அந்தப் பாதியில ஒண்ணு. மீதியைத் தம்பிதானே போட்டுச்சு?"



அக்கா வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அழுகை நின்றிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

கம்பியருகே போனேன்.

"அத்தான்... சுத்தி வளைக்காம சொல்லுங்க. நீங்களா?"

அத்தான் எதிர்ச் சுவரைப் பார்த்தார். நான் வரைந்த படம். ஆளுயரம். தட்டளவு மச்சங்கள்.

"நான்தான் மாப்ளே," என்றார். "அதுக்காக மூக்கை இவ்ளோ பெருசாவா இழுப்பே?"