பின்னால் வந்த மணி

மூன்றாவது வளைவில் ரூபஸ் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தான். அந்த ஓசை அடங்குவதற்குள் முதுகை ஒட்டியே பதில் மணி வந்துவிட்டது. தங்கை அபிகாயில் அவ்வளவு பக்கத்தில் இருக்க வழியே இல்லை. இருபதடி இடைவெளி விட்டு வரச் சொல்லித்தான் உச்சியிலிருந்து இறங்கியிருந்தான்.

கே.ஜி.கண்டிகையைத் தாண்டிய இந்தக் குன்றில் ரூபஸும் நண்பர்களும் ஞாயிறுதோறும் சைக்கிள் விடுவார்கள். ஒற்றையடிப் பாதை, இருபுறமும் முள், சக்கரத்தின் கீழ் உருளும் சரளை. போன வருடம் திரும்பிப் பார்த்துத்தான் ரூபஸ் முன்பல்லைப் பறிகொடுத்தான். அன்றிலிருந்து கூட்டத்தில் ஒரு விதி. முன்னால் போகிறவன் வளைவுக்கு வளைவு ஒரு மணி அடிப்பான், இருபதடி விட்டுப் பின்னால் வருகிறவன் ஒரு மணியில் பதில் சொல்வான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று நண்பர்கள் வரவில்லை. அபி ஒரு மாதமாக அடம்பிடித்து, சைக்கிளுக்குப் புது மணியும் வாங்கி மாட்டிக்கொண்டதால் அவளை மட்டும் கூட்டி வந்தான். ஏழு மணி ஜெபத்துக்குள் வீட்டில் இருப்போம் என்று அம்மாவிடம் சத்தியம் செய்யாத குறை.

நாலாவது வளைவில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் கீழே ஊருக்கு. இடது பக்கம் கைவிட்ட கல்குவாரிக்கு, மழைத் தண்ணீர் நிற்கும் அறுபதடிப் பள்ளத்துக்கு. குவாரியைப் பற்றிச் சொன்னால் பயந்துவிடுவாள் என்று, "என் பெல் கேக்குற பக்கம் வா, அவ்ளோதான்" என்று மட்டும் சொல்லியிருந்தான். தன் புத்திசாலித்தனத்தில் அவனுக்கு அப்போது கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

வலது பக்கம் திரும்பி மணி அடித்தான். பதில் வந்தது.

ஐந்தாவது வளைவில் வெளிச்சம் மங்கிவிட்டது. உண்ணிச்செடியின் காட்டமான வாசனைக்கும் ஆட்டுப் புழுக்கை நாற்றத்துக்கும் நடுவே வேறொரு வாடை, வெகுநாள் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்ததுபோல, அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. மணி அடித்தான். காதருகே பதில் மணி. ஆனால் சரளையில் சக்கரம் உருளும் சத்தம் ஒன்றுதான் கேட்டது. அது அவனுடையது.

"அபி, கேப் வுட்டு வா. மேல வந்து இடிச்சிடப் போற."

 காலையில் திட்டியதற்கு இன்னும் கோபம், அதனால்தான் பேசவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நம்பவில்லை. 

ஆறாவது வளைவில் அவன் மணி அடிக்கவில்லை.

பதில் வந்தது.

ரூபஸ் பிரேக்கை விட்டுவிட்டுச் சரிவில் பாய்ந்தான். கல் தெறித்தது. முள் கிழித்தது. ஏழாவது வளைவு. சமதரை. காலை ஊன்றினான். திரும்பினான்.

யாருமில்லை. வெறும் பாதை.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அபி.

"இன்னா ணா இவ்ளோ மெதுவா போற? பெல்லு பக்கத்துலயே கேக்குது, ஆளக் காணோம்."

"எங்க இருக்க நீ?"

"உன் பின்னாடிதான் வந்துகினு இருக்கேன். ரெண்டா பிரியற எடத்துல லெஃப்ட்ல பெல் அடிச்சியே. இங்க ஒரே கல்லு, எறங்கி தள்ளிகினு வரேன்."

"அபி, நில்லு! அது நான் இல்ல. அங்க பள்ளம் இருக்கு!"

"இன்னா? விட்டு விட்டு கேக்குது ணா."

மணியை அடித்தான். விடாமல் அடித்தான். தன் சத்தத்தைக் கேட்டாவது அவள் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

போனில் அவள் குரல் சிறுத்துவிட்டது. "அண்ணா, ரெண்டு பக்கமும் பெல்லு கேக்குது. எது நீ?"

"பெல்ல வுடு! என் குரலக் கேளு!"

அப்போது போனுக்குள், அவளுக்குப் பக்கத்தில், ஒரு குரல் கேட்டது. பல் போன இடத்தில் காற்று சீறும் அவனுடைய குரல். அவனுடைய அவசரம்.

"அபி, இந்தப் பக்கம் வா."

"ஆங், வரேன் ணா," என்றாள் அவள், நிம்மதியாக.

கற்கள் சரிந்தன. அவள் கத்தக்கூட இல்லை. போன் அடங்கிவிட்டது.

ரூபஸ் மறுபடி அவளுக்குப் போன் போட்டான், லைன் போகவில்லை.  தூரத்தில் திருத்தணி கோயில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நின்றான். இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

மேலே, ஐந்தாவது வளைவில், அவனுடைய மணி அடித்தது.

அதற்குப் பதிலாக இன்னொரு மணி. அபியின் புது மணி. உள்ளே தண்ணீர் புகுந்ததுபோல மந்தமாக ஒலித்தது.

பிறகு ஆறாவது வளைவில் இரண்டும் கேட்டன. முதலில் ஒன்று, விதிப்படி இருபதடி விட்டு மற்றொன்று.