இடது கையின் பாடம்

பக்கத்து வீட்டுத் தறி அன்று ஒருமுறைகூட நிற்கவில்லை. அறுந்த இழையை முடிச்சுப் போட, டீ குடிக்க, பெண்டாட்டியோடு மல்லுக்கட்ட என்று பத்து நிமிடத்துக்கு ஒருதரம் தறியை விட்டு எழுகிற மனிதர் குமாரசாமி. அது தெருவுக்கே தெரியும். ஆனால் சாப்பாடு முடிந்து சுகாசினி கீபோர்டில் உட்கார்ந்ததிலிருந்து மணி நாலாகும் வரை, சுவருக்கு அப்பால் தட்… டக், தட்… டக் என்று ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பைபாஸ் ரோட்டுப் புது ஓட்டலில் அவள் வாசித்துக் காட்ட வேண்டும். அங்கே தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ராக்டைம் என்கிற பழைய அமெரிக்கத் துள்ளல் பியானோ வேண்டுமாம். பிடித்துவிட்டால் மாசச் சம்பளம், அவளுடைய முதல் வேலை. சர்ச்சில் இவள் ஒரு பாட்டை முடிப்பதற்குள் ஜனங்கள் குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்கள், இவளுக்குத் துள்ளலாம். வலது கை எப்படியோ துள்ளக் கற்றுக்கொண்டது. இடது கைதான் வம்பு. கீழே ஒரு தடித்த சுரம், தாவி மேலே ஒரு கொத்து, மறுபடி கீழே. ஒவ்வொரு தாவலுக்கும் தோள் இறுகி விரல்கள் விறைத்துக்கொள்ளும். ‘கையை நினைக்காதீர்கள், அதுவே போகட்டும்’ என்பார் யூடியூப் ஆசிரியர். அதுவே போகத் தாளம் வேண்டுமே. மூன்று வாரமாகக் குமாரசாமியின் தறிதான் தாளம். செலவில்லாத மெட்ரோனோம், தாளக் கருவி என்று புருஷன் கிறிஸ்டோபரிடம் பெருமை வேறு.

அன்று கை தானாகவே போனது. தோள் இளகி, மணிக்கட்டு தண்ணீரில் மிதப்பதுபோல் லேசாகி, இசைத்தாளின் மூன்று பக்கமும் ஒரு தப்பில்லாமல் ஓடியது. சுவரோரமிருந்து ஈர மண் வாசனையும் தறியின் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியின் புளிப்பும் கிளம்பி வந்து, பாதங்களுக்கடியில் தரை மெல்ல மெல்லக் குளிர்ந்ததை அவள் கவனிக்காமல் இல்லை. கை வந்துவிட்ட நேரத்தில் எவள் எழுவாள்?

வாசல் மணி அடித்த பிறகுதான் எழுந்தாள். குமாரசாமியின் பெண்டாட்டி கலையரசி, கையில் துணிப்பையோடு.

“இன்னாமா சுகா, தெருமுனைக்கே கேக்குது உன் கச்சேரி. ஓரிக்கைக் கோயிலுக்குப் போயிட்டு இப்பதான் வரேன். எங்க ஊட்டுக்காரரு இன்னும் அங்கயே குந்திக்கினு இருக்காரு.”

“அப்ப தறியில யாருக்கா?”

“தறியிலயா? இன்னிக்கு அமாவாசைமா. எந்த நெசவுக்காரன் தறியில உக்காருவான்? காலையில பூட்டிக்கினு போனது.” சாவியை ஆட்டிக் காட்டினாள். “சர்ச்சுக்காரங்களுக்கு அமாவாசை ஏது, பௌர்ணமி ஏது.”

சிரிக்க வேண்டிய இடம். சுகாசினி சிரித்தாள்.

“கைய நிறுத்திட்டுப் பேசும்மா. தல வலிக்குது.”

அவள் குனிந்து பார்த்தாள். வாசல் நிலைக்கட்டையின் வெளிப்பக்கத்தில் அவளுடைய இடது கை தட்டிக்கொண்டிருந்தது. தட்… டக்.

கலையரசி தன் வீட்டுக்குள் போனாள். தறியறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு சுவர் வழியாக அவள் குரல், தாழ்ந்து.

“சுகா… யாரோ தறியில ஒரு முழம் நெய்ஞ்சி வச்சிருக்காங்க.” துணியைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். “ஈரமா இருக்குது.”

தட்… டக். இப்போது சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. பக்கத்து வாசற்படியில் கேட்டது. நாலு மணி வெயிலில் தெரு காலி. தட்… டக். சாக்கடைப் பலகை மேல். இன்னும் கிட்டே.

கதவைச் சாத்த வேண்டும். பின்வாங்கினாள். இடது கை மட்டும் வரவில்லை. வலது கையால் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். கட்டையோடு ஒட்டிக்கொண்டு தட்டியது. தோளால் கதவைத் தள்ளினாள். கதவு மணிக்கட்டில் இறங்கியது.

வலிக்கவில்லை. கொஞ்சமும் வலிக்கவில்லை. அந்தக் கை இவ்வளவு சுகமாக ஒருநாளும் இருந்ததில்லை.

வெளியே விரல்கள் தட்டின. சத்தம் படியேறியது. ஒன்று. இரண்டு. நின்றது.

விரல்களும் நின்றன.

சுவருக்கு அப்பால் கலையரசி போனில் புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிறிஸ்டோபர் வர ஆறு மணியாகும்.

கதவுக்கு வெளியே, ஈரமான ஏதோ ஒன்று அவள் சுண்டுவிரலைத் தொட்டது. மெல்ல வளைத்தது. பாவு இழையைப் பார்ப்பதுபோல் சரி பார்த்தது.

பிறகு மோதிர விரலை.